நைனா ஆடிய ஆட்டம்

போன வருஷம் மாசி மாதம், திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. இட்லி, தோசை மாவு அரைத்து ஓட்டல்களுக்குப் போடுவது என் தொழில். அதைச் சொன்னால் சாதாரணமாகத் தலையாட்டுகிறவர்கள், வீட்டில் முப்பத்தஞ்சு கிலோவில் ஒரு ஆமையும் இருக்கிறது என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த ஆமை நான் கேட்டு வந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் வேலையில் இருந்த என் கொழுந்தனார் வாங்கியது. ஏதோ வெளிநாட்டு ஜாதி. அவர் துபாய்க்குக் கிளம்பும்போது பிஸ்கட் டப்பாவில் வைத்து என் கையில் கொடுத்து, "இவ்ளோதான் அண்ணி வளரும்" என்றார். நானும் நம்பினேன். உள்ளங்கை அளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவாகி, தாம்பாளமாகி, இன்றைக்கு இரண்டு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும்.

வந்த புதிதில் அதன் சுருங்கின மூஞ்சியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "எங்க நைனா மாதிரியே கீது" என்றார். எங்கள் பக்கம் அப்பாவைத்தான் நைனா என்போம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெயர் வைத்த அன்றைக்கே அது ஆண் என்றும் முடிவாகிவிட்டது. திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தெருவில் நைனாவுக்கு நல்ல பெயர் கிடையாது. வீட்டில் ஆமை இருந்தால் ஆகாது என்று எதிர்வீட்டம்மா வாரம் ஒருமுறை சொல்லாமல் இருக்கமாட்டார். அதே அம்மா திருப்பதிக் கடையில் பித்தளை ஆமை வாங்கி, தட்டில் தண்ணீர் ஊற்றி, அதிர்ஷ்டம் வருமென்று ஷோகேஸில் வைத்திருக்கிறார். பித்தளை ஆமை மாவு டிரம்மைக் கவிழ்க்காது, அது உண்மைதான்.

தை மாதம் கொல்லை முழுக்கச் சிமென்ட் போட்டேன். மாவு வியாபாரத்துக்குச் சுத்தம் முக்கியம். டிரம் கழுவின தண்ணீர் தேங்கி, மண்ணோடு சேர்ந்து சேறாகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை மண் தெரியாமல் மதில் வரைக்கும் வழவழவென்று பூசச் சொன்னேன். வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு மாதம் ஆகவில்லை, நைனா ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கீரையைத் துன்னுவிட்டு வெயிலில் படுத்துக் கிடந்த ஜீவன், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நடை. மதிலோரமாகப் போகும், மூலையில் முட்டும், திரும்பும், மறுபடி போகும். துளசித் தொட்டியை உடைத்து அதிலிருந்த மண்ணைக் கொல்லையெங்கும் வாரி இறைத்தது. மோட்டார் பைப்பைப் பிடுங்கியது. பாத்ரூம் தகரக் கதவின் அடிப்பக்கத்தை முட்டி முட்டி மடக்கியது. ஸ்கூட்டரைச் சாய்த்தது. கல்யாண ஆர்டருக்கு அரைத்து வைத்த ஒரு டிரம் மாவு மொத்தமும் என் புதுச் சிமென்ட் தரையில் ஓடியபோது நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதோடு விட்டதா? மறுநாள் வழிமறிக்கப் போன என் காலில் ஏறி, கட்டை விரலைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. எலும்பு முறிவுக்குப் போடும் எங்கள் ஊர்க் கட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் விழுந்தவர் எல்லாரும் இருந்த வரிசையில் நானும் போய் உட்கார்ந்தபோது, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். ஆமை முட்டிவிட்டது என்றேன். வலியில் முனகிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

தெரிந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், திருப்பதியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். டாக்டருக்குத் தாய்மொழி தெலுங்கு. ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரையும்போல ஒரு வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. நாங்களும் அப்படித்தான். எந்த வார்த்தை எந்த மொழி என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு பக்கம் கிரைண்டர் ஓட, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நைனாவின் அட்டகாசத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சாப்பிடுதா? தண்ணி தாகுதுந்தா? ஆடதா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து நைனா மூலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. "இல்ல சார், ஆடல" என்றேன்.

"அப்போ வயசுத் திமிரும்மா. அதுக்கு வெளியே தெரியாம பலகை அடிச்சு, சின்ன இடத்துல அடைச்சு வையுங்க. கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

அப்படியே செய்தோம். மதில் மூலையில் பலகை அடித்து, நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் இடத்தில் நைனாவை அடைத்தோம். அது அடங்கவில்லை. பலகையை முட்டும் சத்தம் கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பின்னங்காலால் சிமென்ட்டைப் பரக் பரக்கென்று சுரண்டிக்கொண்டே இருந்தது. கீரை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "துன்னாட்டி கெட" என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த வார்த்தைதான் என்னைக் குத்துகிறது.

அடைத்த ஒன்பதாம் நாள் என் பொறுமை போய்விட்டது. வெதுருகுப்பம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் நைனாவை வளர்க்கிறேன் என்றார். லோடு ஆட்டோ சொல்லிவிட்டேன். தூக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் அதன் பின்னங்கால்களைப் பார்த்தார். நகமெல்லாம் தேய்ந்து, தோல் கிழிந்து ரத்தம். அடைத்து வைத்த இடத்துத் தரையிலும் அங்கங்கே ரத்தம் காய்ந்திருந்தது. நைனா தலையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. கழுத்து தொங்கியது.

"இன்னாமே இது? இப்டியேவா அந்தாள் கையில குடுக்கறது? நம்ம வூட்டுலயே சாவடிச்சி அனுப்ன மாதிரி இருக்கும்" என்றார். தோப்புக்காரருக்குப் போன் போட்டு இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை நேராகத் திருப்பதிக்கு விடச் சொன்னார். வழியெல்லாம் எனக்குள் இருந்தது கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வயிறு முழுக்க வட்டம் வட்டமாக, பிங்பாங் பந்து மாதிரி. அவரே எண்ணினார். பதினேழு முட்டை.

"நைனா ஆம்பளை சார்" என்றேன், பைத்தியக்காரி மாதிரி.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போன்ல கேட்டேன் கதம்மா, ஆடதா அனி? நீங்கதானே ஆடலேன்னீங்க?"

அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் 'ஆடதா' என்றால் 'பொம்பளையா' என்று அர்த்தம். சந்தைக்குப் போனால் தினமும் காதில் விழும் வார்த்தை. நான் அதைத் தமிழாக்கி 'ஆடுதா' என்று கேட்டுக்கொண்டேன். 'ஆடல' என்ற என் பதிலை அவர் 'பொம்பளை இல்லை' என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக இரண்டு மொழியிலும் பேரம் பேசுகிற எனக்கு, தேவைப்பட்ட அன்றைக்கு இரண்டும் உதவவில்லை.

ஆண் துணை இல்லாமலே பெண் ஆமை முட்டை போடும், அந்த முட்டை பொரியாது, ஆனால் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். தோண்டிப் புதைக்கக் காய்ந்த மண் கிடைக்காவிட்டால் அடக்கிக்கொண்டே அலையுமாம். ரொம்ப நாள் அடக்கினால் உள்ளேயே உடைந்து உயிர் போய்விடுமாம். இது மண்ணைத் தேடித்தான் அத்தனையும் செய்திருக்கிறது. ஊசி போட்டு, காலுக்கு மருந்து தடவி, "ரெண்டு நாள்ல போடலேன்னா ஆபரேஷன்தான், பிழைக்குமான்னு சொல்ல முடியாது" என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எங்க ஒடைக்கறது?" என்றார். வெயில் நன்றாக விழுகிற இடத்தைக் காட்டினேன். நான் பெருமையடித்துக்கொண்ட சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கட்டுப் போட்ட காலோடு நானும் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அடி மண்ணைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கினோம்.

மறுநாள் மதியம் வரைக்கும் அது அசையவில்லை. எனக்கு மாவு அரைக்கவே கை வரவில்லை. வெயில் கொஞ்சம் இறங்கியதும் மெதுவாக எழுந்து, மண்ணில் மூக்கை வைத்து முகர்ந்தது. பிறகு திரும்பி நின்று, அந்தக் கிழிந்த பின்னங்கால்களால், ஒன்று மாற்றி ஒன்றாக, தோண்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு முட்டை விழும்போதும் காலை உள்ளே விட்டு, அதைத் தள்ளி ஓரமாக வைத்தது. பதினேழையும் போட்டுவிட்டு, மண்ணை இழுத்து மூடி, வயிற்றால் தேய்த்துச் சமமாக்கியது. பிறகு அத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து ஒரு கட்டுக் கீரையைத் துன்னது.

தோப்புக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாவு டிரம்மெல்லாம் மாடிக்குப் போய்விட்டன. கொல்லையில் பாதி இப்போது மண்தான். காற்றடித்தால் வீடெல்லாம் புழுதி. பெயரை மாற்றலாமா என்று பேசிப் பார்த்தோம், வாயில் வரவில்லை. இன்னமும் நைனாதான். இன்னமும் நடுநடுவே பாத்ரூம் கதவை முட்டத்தான் செய்கிறது, நானும் திட்டத்தான் செய்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. என் மூத்தவனைப் பெற எனக்கு வலி எடுத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன். "ஒரு எடத்துல படுக்கமாட்டியா? இன்னாத்துக்கு இப்டி சுத்திக்கினே கீற?" என்று ஒரு ஆயாம்மா என்னைக் கட்டிலில் பிடித்துத் தள்ளினாள். அவளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற நான், என் கொல்லையில் அதே நடையை நாள்கணக்கில் பார்த்துவிட்டு, பலகை அடித்து மூடினேன்.