சந்திரனை நகர்த்திய தையல்காரர்

தெருவில் அவரைக் கத்தரிக்கோல் ஜோசியர் என்பார்கள். பிழைப்பு தையல், ஜாதகம் ஆசைக்கு. துணிக்கு மாதிரி வரைகிற பழுப்புக் காகிதத்திலேயே கட்டமும் போடுவார்.

வானத்தைப் பன்னிரண்டு வீடாக்க அவரிடம் மூன்று வழிகள் இருந்தன. ஆதிகால வழியில் ஒரு ராசி முழுசும் ஒரு வீடு. அடுத்ததில், பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த புள்ளியிலிருந்து முப்பது முப்பது பாகையாக அளந்துகொண்டே போக வேண்டும். மூன்றாவதில் உதயத்துக்கும் உச்சிக்கும் நடுவே இருப்பதை மூன்றாக மடிக்க வேண்டும். ஒரு வீடு ஒடுங்கும், ஒரு வீடு அகலும். எது சரி என்று பண்டிதர்களே காலங்காலமாக அடித்துக்கொண்டார்கள். இவருக்கு அது வசதியாகப் போயிற்று. இடுப்புப் பிடித்தால் தையலைப் பிரித்துத் தளர்த்துவதுபோல, ஆள் முகம் வாடினால் முறையை மாற்றிவிடுவார். மனைவியின் சித்தி மகனுக்கு ஆயுள் வீட்டில் சனி என்று தெரிந்ததும், முறையை மாற்றிப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினார். ஜாதகத்தில் அது மனைவிக்குரிய வீடு. அந்தச் சித்தி மகனின் பெண்டாட்டி இன்றுவரை இவரோடு பேசுவதில்லை.

ஒரே மகள், நர்ஸ். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அப்பா மனசாரச் சரி என்றால்தான் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கோ அவளை அனுப்ப மனசில்லை.

காகிதத்தை விரித்தார். ஆதி வழியில் சந்திரன் பன்னிரண்டில்: தூரதேசம். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் வழிக்குத் தாவினார். பதினொன்று!

"பாரும்மா, சந்திரன் லாபத்துல உட்கார்ந்திருக்கான். லாபம் வீடு தேடி வரும். நீ எங்கயும் போக வேணாம்."

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: "ஏங்க, என் தம்பி வெளியூர் போறப்ப ஆதி வழிதான் சத்தியம்னீங்களே?"

"அது அவன் ஜாதகம்."

"ஓஹோ, மச்சானுக்கு ஒரு வானம், மகளுக்கு ஒரு வானமா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மூணாவது வழி இருக்கே, அதையும் போடுங்கப்பா. மூணு தரம் அளக்காம துணியிலயே கத்திரி வைக்க மாட்டீங்க."

உச்சியைக் கண்டுபிடித்து, மூன்றாக மடித்து, கோடு இழுத்தார். பென்சில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கூட்டினார். அதேதான்.

"எங்கப்பா?"

"பத்துல."

"பத்து என்ன வீடு?"

"உத்தியோகம்" என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர்போல.

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நாலாவது வழி ஏதாவது கைவசம் இருக்கா?"

இருந்தது. புத்தகம் மிஷின் டிராயரில்தான் கிடந்தது. டிராயர்வரை கை போயிற்று. மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை திரும்பி வந்தது, அளவு நாடாவோடு.

"எழுந்திரு. அங்க குளிர் அதிகமாம். கோட்டுக்கு அளவெடுக்கணும்."

"அப்ப சரின்னு எழுதிடவாப்பா?"

"முதல்ல கையை நீட்டு."

தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தார். நம்பவில்லைபோல, இன்னொரு தரம் அளந்தார். மூன்றாம் தரமும் நாடாவை வைத்தபோது மனைவி சொன்னாள், "விடுங்க, அவ எழுதணும், கையை விடுங்க."