மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா?

போன மாசம் ஒரு ஞாயிறு காலை. எங்கள் ஹாலில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. இரண்டுமே சப்-வூஃபர். பாட்டில் இருக்கிற ஆழமான 'தொம்'மை மட்டும் எழுப்புகிற ஸ்பீக்கர். ஒன்று எல்லாப் பக்கமும் மூடியது. இன்னொன்றில் முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

காரைக்காலில் ஆடியோ கடை வைத்திருக்கும் நண்பர் கொடுத்து அனுப்பியது. "ரெண்டையும் வீட்ல வச்சுக் கேளுங்க சார். புடிச்சத வச்சுக்கிட்டு மத்தத அனுப்பிடுங்க."

நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். துளை வைத்தது ஜன்னல் கம்பியையே அதிரவைத்தது. மூடியது அவ்வளவு முழங்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அடியும் சுருக்கென்று விழுந்து, சட்டென்று அடங்கியது. எதை எடுப்பது? எனக்கு முழக்கம்தான் இஷ்டம். சினிமாவில் குண்டு வெடித்தால் சோபா ஆட வேண்டாமா?

அந்த நேரம் பார்த்து தேன்மொழி வந்தாள். என் மனைவி கோமதியின் தங்கை. குரும்பகரத்தில் இருக்கிறாள். தவில் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் போய் நின்றவள். சில வருஷங்களுக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேசுவாள். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் பாட்டு ஓடுகிற இடத்தில் உட்காரமாட்டாள். கல்யாண வீட்டில் மேளம் ஆரம்பித்தால் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

"ஐயோ, நிறுத்துங்களேன்!" கோமதி பதறினாள். நான் ரிமோட்டைத் தேடினேன். அதற்குள் தேன்மொழி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"தரை என்னமோ பண்ணுது அத்தான்..."

அப்போது ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் துளையைக் காட்டினேன். கையை நீட்டினாள். ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்கையில் புஸ்... புஸ்...

"காத்து வருது!" சிரித்துவிட்டாள்.

முடிந்தது, இதுதான் நம் பெட்டி என்று நினைத்தேன். "அந்த இன்னொண்ணையும் போடுங்க" என்றாள் கோமதி. ஒயரை மாற்றினேன்.

தேன்மொழி தரையில் உட்கார்ந்தாள். மூடிய பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது. அழப்போகிறாளோ? எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் ஆள்காட்டி விரல் அசைந்தது. தடுமாறியது... பிடித்துக்கொண்டது. தவில் நின்றபோது விரலும் நின்றது. தவில் எடுத்தபோது விரலும் எடுத்தது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை!

கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது அத்தான். இதுல தனித்தனியா வருது. இது... சாமி புறப்படுறப்ப வாசிக்கிற மல்லாரிதானே?"

மல்லாரியேதான். தலையை ஆட்டினேன். கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சத்தம் என்பது காற்றின் அதிர்வு — பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அது ஒரு மனுஷியின் கை வழியாக ஏறி, உள்ளே போய், பாட்டாக மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள் தேன்மொழி.

துளைப் பெட்டி கடைக்குத் திரும்பிவிட்டது. தேன்மொழி இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் வருகிறாள். வால்யூம் வைப்பது அவள்... காதில் பஞ்சு வைப்பது நாங்கள்!