கொரிய எம்.பி.யும் என் தேர்தலும்

போன ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தலில் நான் நின்றது உங்களுக்குத் தெரியும். நிற்கச் சொல்லி என்னை உசுப்பேற்றியவர் யார் தெரியுமா? ஒரு கொரியர்!

எங்கள் தெருமுனையில் டெபனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கிம்மின் அண்ணர் அவர். பால் வாங்கப் போன இடத்தில் கிம் அறிமுகப்படுத்தினார். சியோலில் இருபது வருடம் பத்திரிகை நிருபர், பிறகு ஒரு தவணை எம்.பி. நானும் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்றதும் மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் தேர்தலில் அவருக்கு மேடைப் பேச்சே வராதாம். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் குறை சொல்ல, பழக்கதோஷத்தில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். நாம் சொல்வதை எழுதுகிறாரே என்று சனம் சொக்கிப் போனது. வென்றார். எம்.பி. ஆனதும் எழுத ஓர் உதவியாளர் வந்துவிட்டார்... அடுத்த தேர்தலில் அதே பெண்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தோற்ற கதையைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் நின்று பார், என்றார்.

நோட்டுப் புத்தகம்தானே? என்னிடம் இல்லாததா?

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நம்மவர்களை மறித்தேன். விழா இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடங்குகிறது, பேச்சு முடிவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், சங்கத்துக்கு ஃபோன் எடுத்தால் ஆளில்லை — சொல்லச் சொல்ல எழுதினேன். சத்தியமாக, அன்றைக்கே வென்றுவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பிறகுதான் அந்தப் பிழையை விட்டேன். பத்தி எங்கே என்று ஆசிரியர் கேட்டபோது கையில் வேறு சரக்கில்லை. நோட்டில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் படித்துச் சிரித்தீர்கள். பஸ்ஸில்கூட அதே கதை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு வாக்கு எண்ணினார்கள். ஒரே ஒரு வாக்கால் தோற்றேன்.

கவலையா? பின்னே! மெட்ரோவில் வரும்போது கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் என் கணவர் முழுசிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான் மற்ற ஆளுக்குப் போட்டனான். நீர் தலைவரா வந்தா, பேந்து தலைவரைப் பற்றி ஆர் எழுதுறது?"

இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புதுத் தலைவரே ஃபோன் எடுத்தார். இந்தக் கிழமை தன்னைப் பற்றி ஏதும் எழுதப் போகிறேனா என்று மெல்லக் கேட்டார்.

அன்றைக்குத்தான் கணவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.