ஓடுகிற லிஃப்டுக்கு மாட்டிய பலகை

எங்கள் தொழிலில் ஒரு பலகை உண்டு. ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அது தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், யாரும் லிஃப்டைத் தொடக்கூடாது என்று அர்த்தம். உயிர் விஷயம். நன்றாக ஓடுகிற லிஃப்டுக்கு அதை மாட்டுவதைவிடப் பெரிய தப்பு எங்களுக்குக் கிடையாது. என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் ஸ்பேனர் அண்ணன், பதினாறு வருட அனுபவம் உள்ள மனுஷன், அதைத்தான் செய்தார்.

காரணம், ஐந்து மாதப் பெண் குழந்தை. படுக்கவைத்தால் அழுகை, தூக்கினால் அழுகை, விளக்கைப் போட்டால் அழுகை, அணைத்தால் அதற்கும் அழுகை. டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, “ஒரு குறையும் இல்ல. அவ சுபாவம் அப்படி” என்று அனுப்பிவிட்டார்.

“சுபாவமாம். அப்படியே என் மாமனார் சுபாவம்” என்று அண்ணன் என்னிடம் பல்லைக் கடிப்பார். வீட்டில் சொல்ல முடியுமா?

வீட்டில் எதையுமே சொல்ல முடியவில்லை என்பதுதான் அவர் குறை. அவருக்குக் காலை ஷிஃப்ட். அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் மதியத்துக்கு மேல் வேலை. ஒரு மணிக்கு வாசலில் நின்றபடியே குழந்தையைக் கைமாற்றிக்கொள்வார்கள்.

“எப்ப குடிச்சா?”

“பன்னெண்டுக்கு.”

“தூங்கினாளா?”

“கேக்காதீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. “நாங்க புருஷன் பொண்டாட்டி இல்லப்பா, ஷிஃப்ட் ஆளுங்க” என்று அலுத்துக்கொள்வார்.

அன்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். ஆறு மணிக்கெல்லாம் வந்துடுறேன்” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அண்ணனைப் பயமுறுத்தியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போகப்போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். எப்படியாவது ஆறு மணிக்குக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். வந்ததும் நிம்மதியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். போகாதே என்று கேட்க வேண்டும்.

அந்தக் குழந்தை தூங்குவது ஒரே இடத்தில்தான், ஓடுகிற லிஃப்டில். கதவு திறந்தால் கண்ணையும் திறந்துவிடும். சாயங்கால நேரம் மாடிக்கு மாடி பட்டனை அமுக்க ஆள் இருக்கிறதே, என்ன செய்வது? ஐந்தரைக்குத் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தப் பலகையை மாட்டினார். வெளிப் பட்டன்கள் வேலை செய்யாதபடி நிறுத்தினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் மேலும் கீழும் போய்வந்தார். கட்டடமே அவரைச் சபித்துக்கொண்டு படியேறியது. தன் வீடு ஏழாவது மாடி, தன் மனைவியும் கால் வலியோடு ஏறித்தான் வரவேண்டும் என்பது மட்டும் அந்த மண்டைக்கு எட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவது இவரை?

ஆறு மணிக்கு ஏழாவது மாடியில் கதவைத் திறந்தார். அதிசயமாகக் குழந்தை விழிக்கவில்லை. எதிரே கடைசிப் படியில் இரண்டு பைகளோடு அண்ணி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

“ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் என்னைத் தாண்டிப் போற சத்தம் கேட்டுது. மூணாவது மாடியிலயே தெரிஞ்சுபோச்சு, இது உங்க வேலைதான்னு.”

குழந்தை எழுந்துவிடுமே என்று அதைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். கத்தித் தீர்க்க வழியில்லாத சண்டையை என்னவென்று சொல்ல? அண்ணனும் கிசுகிசுத்தார். “தப்புதான். என்ன விஷயம், அதைச் சொல்லிடு.”

“அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போறேன். மூணு நாள்.”

“பாப்பா?”

“உங்ககிட்டதான், லீவு போட்டுடுங்க. நான் தூங்கணும்.”

மறுநாள் வேலைக்கு நடுவில் அண்ணன் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. “போறாளேன்னு வருத்தம் வரலப்பா. எங்கயாவது போய் மூணு நாள் தூங்கணும்னு நான் கேக்கறதுக்கு முன்னாடி இவ கேட்டுட்டாளேன்னு வயிறு எரிஞ்சுது. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா, அதையும் அவகிட்டயே சொல்லிட்டேன்.”

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“‘தெரியும். ரெண்டு வாரமா உங்க முகத்தைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இன்னிக்கோ நாளைக்கோ நீங்க கேட்டுடுவீங்க. அதான் எங்கயும் நிக்காம ஏறி வந்தேன்’ங்கறா.”

ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் தன் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.