புளி போட்டு விளக்கிய முன்குறி

காரைநகரில் பிறந்த குகனேஸ்வரி, இத்தாலிய நகரான பலெர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகே ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் வேலை செய்கிறார். வீட்டுக்காரி சிஞ்ஞோரா எர்சீலியாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கண்களில் புரை புகைபோலப் படர்ந்திருக்கிறது. பிற்பகல்களில் இருவரும் வரவேற்பறையில் இருப்பார்கள். மரச் சாளரத்தின் இடுக்குகளால் வெயில் கீற்றுக்கீற்றாக உள்ளே விழும். தெரு இரைச்சல் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்கும்.

அந்த அறையின் கண்ணாடி அலுமாரியில் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. விசையைச் சுற்றிய இரும்பு வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை. சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய பாட்டனார் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சிறு தகடு; தகட்டின் உச்சியில் கடுகளவு பித்தளை மணி. இதுதான் முன்குறி. தோட்டா வீட்டில் இல்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பு குகனேஸ்வரியின் கையில்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவர் சிஞ்ஞோராவின் மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு விளக்கினார். பொங்கல் வரும்போது பித்தளை கறுத்திருக்கக்கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். கையில் புளி மிஞ்சியது. அலுமாரியைத் திறந்து, அந்த மணியையும் பெருவிரலால் தேய்த்தார். அரையிருட்டில் அது சின்னச் சுடர்போல எரிந்தது. அவருக்கு மனம் நிறைந்தது.

அடுத்த கிழமை சிஞ்ஞோராவின் மருமகன் கொர்ராதோ, நூன்சியோ என்ற துப்பாக்கித் திருத்துநரை அழைத்து வந்தார். மலையில் உள்ள தம் ஊரின் வேட்டைக்காரர் மண்டபத்தில் துப்பாக்கியைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்பது சிஞ்ஞோராவின் கணவருடைய ஆசை. ஓர் உறுப்பும் மாற்றப்படாமல் இருந்தால்தான் மண்டபத்தார் ஏற்பார்கள்; அதைச் சோதிக்கவே நூன்சியோ வந்தார்.

நூன்சியோ பேசுமுன்னே கொர்ராதோ குனிந்து முன்குறியைப் பார்த்தார்.

"இது புதுசு. பழையதைக் கழற்றி யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். திறப்பு யாரிடம்?"

குகனேஸ்வரி திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். கீழ்வீட்டில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் செலஸ்ரீனா அங்கே சீனி வாங்க வந்து நின்றார்.

"என்னக்கா, முகம் பேயறைஞ்சமாதிரி?"

"துவக்கின்ர மணியை நான் களவெடுத்திட்டனாம்."

"கடுகு மாதிரிக் கிடக்கிற அதையோ? அதை வைச்சு என்ன, மூக்குத்தி செய்யப்போறியளோ?"

"பகிடியை விடு. நான்தான் புளி போட்டு விளக்கினனான்."

செலஸ்ரீனா வாயைப் பொத்தினார். "ஐயோ மாதாவே! சொல்லாதேங்கோ. பழுதாக்கிப்போட்டியள் எண்டு வேலையால நிப்பாட்டுவினம்."

"சொல்லாட்டிக் கள்ளி. சொன்னா மூளை கெட்ட விசரி. விசரியெண்டே போவம்."

திரும்பி வந்து நடந்ததை இத்தாலிய மொழியில் சொன்னார். கொர்ராதோ நம்பவில்லை. "பித்தளைக்கு யாராவது புளி போடுவார்களா?"

நூன்சியோ பூதக்கண்ணாடியை எடுத்தார். மணியை அவர் பார்க்கவேயில்லை. தகட்டின் அடி, குழலில் குறுக்கே வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் இறங்கும் இடத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். காடியின் விளிம்பில் சுத்தியல் பட்ட வடு இல்லை. தகட்டின் அடிப்பக்கமும் குழலும் ஒரே பழுப்பாக இருந்தன. இரண்டும் சேரும் கோட்டில் பழைய எண்ணெய் அழுக்கு அறுபடாமல் ஓடியது.

"கழற்றினால் இந்தக் கோடு உடைந்திருக்கும். பளபளப்பை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்."

மணிக்கும் தகட்டுக்கும் இடையே ஊசியை விட்டார். ஒரு மெல்லிய நார் வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு குகனேஸ்வரியிடம் நீட்டினார். அவரும் மோந்தார்.

"புளிதான், சிஞ்ஞோரே."

நூன்சியோவுக்குச் சிரிப்பு வந்தது. "முன்குறி துப்பாக்கியோடு பிறந்ததே. ஆனால் அதன் முகத்தைக் கழுவிவிட்டீர்கள். மணி மறுபடி கறுக்கப் பல வருடம் செல்லும். அதுவரை மண்டபத்தில் வைத்தால், பார்ப்பவரெல்லாம் கொர்ராதோவைப்போலவே புதுசா என்று கேட்பார்கள்."

கொர்ராதோ சாளரப்பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"என்னிடம் கொண்டுவா," என்றார் நாற்காலியில் இருந்த சிஞ்ஞோரா.

குகனேஸ்வரி துப்பாக்கியை நாற்காலியின் கையில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, சிஞ்ஞோரா கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் வைத்தார். குழல் பாதித் திறந்த சாளரத்தை நோக்கியது. வெளியே மலை வெயிலில் கரைந்து கிடந்தது. இத்தனை வருடமாக அந்த நுனி அவருக்கு வெறும் இருட்டு. இப்போது புகைக்குள் ஒரு பொன்பொட்டு நின்றது.

"என்னவர் குறிவைக்கும்போது இங்கேதான் பார்ப்பார்," என்று மெதுவாகச் சொன்னார். "நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

கொர்ராதோ துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினார். சிஞ்ஞோரா கன்னத்தை எடுக்கவில்லை.

"மண்டபம் பொறுக்கட்டும். மணி கறுக்கும்வரை துப்பாக்கி இங்கேயே இருக்கும். திறப்பை அவளிடம் கொடு, கொர்ராதோ. உன் கையாலேயே கொடு."