கடல் மண் என்று எறிந்த தட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எதற்கும் பொருந்தும் விடை ஒன்று இருந்தது: கடல் மண். சுனாமித் தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு வந்துபோன பிறகு, எவ்வளவு கழுவினாலும் அலுமாரி இடுக்குகளில் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. நோயாளியின் இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் இன்னதென்று தெரியாத ஏதாவது முளைத்தால், வெளியிலிருந்து விழுந்த தூசு என்று முடிவு கட்டுவோம். பதிவேட்டில் ‘க.ம.’ என்று எழுதி எறிந்துவிடுவோம். பகிடியாகத் தொடங்கியது, நாலைந்து வருடத்தில் சட்டமாகிவிட்டது.

யுத்தம் முடிந்த வருடம் நாவிதன்வெளிப் பக்கத்து விவசாயி ஒருவர் காய்ச்சலோடு நோயாளர் வாட்டில் கிடந்தார். பயத்தில் பல வருடம் கைவிட்டிருந்த வயலுக்குள் காலில் புண்ணோடு இறங்கியவர். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், உண்டு. கொடுத்த மருந்து எதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை. அவருடைய தட்டில் வெள்ளையாகச் சில புள்ளிகள் முளைத்தன. நான்தான் பார்த்தேன். க.ம. என்று எழுதியதும் நான்தான். கிருமி இல்லை என்று வாட்டுக்கு அறிக்கையும் அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து, இரண்டாம் முறை எடுத்த இரத்தத்திலும் அதே புள்ளிகள். ஒரே மனிதனுடைய தட்டில் ஒரே தூசு இரண்டு தரம் விழுமா? வயல் சேற்றில் புண்ணோடு இறங்கியவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து வாட்டிலிருந்து டொக்டர் போன் எடுத்தார்.

“ஆளுக்கு மூச்சு இழுக்குது. ஏதாவது சொல்லுங்க.”

சேற்றில் வாழும் ஒரு கிருமியை உடனே காட்டிக்கொடுக்கும் மருந்துக் குப்பி ஒன்றைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இங்கே எங்கே அந்த நோய் என்று சிரித்து, பிரிட்ஜின் மூலையில் தள்ளி வைத்ததும் நாங்கள்தான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, புள்ளியில் கொஞ்சம் கலந்து ஆட்டினேன். ஒரு நிமிடம், ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்தில் பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாய்ப் பிரிந்தது. மெலியோய்டோசிஸ், அந்தச் சேற்றுக் கிருமி கொண்டுவரும் நோய். யா அல்லாஹ் என்று போனை எடுத்தேன். அந்தப் பகலே மருந்தை மாற்றினார்கள்.

ஆள் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாள் அவருடைய மனைவி ஒரு பை அரிசியோடு ஆய்வுகூட வாசலுக்கு வந்தார்.

“ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சிட்டீங்களாமே தம்பி. டொக்டர் சொன்னாரு. இது எங்கட ஊட்ட குத்தின அரிசி.”

பையை வாசலோர மேசை விளிம்பில் வைத்தார். ஓம் என்று சொல்லி வாங்கியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“ரெண்டு நிமிசமில்ல அக்கா. முதல் எடுத்த ரெத்தத்துலயே இரிந்திரிக்கு. நான்தான் தூசு எண்டு எறிஞ்சிட்டன். சும்மா மூணு நாள் போயிட்டு.”

அவர் வாட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்த மூணு நாளுந்தான் தம்பி, ‘என்னக் கொன்று போடுங்க’ எண்டு இவரு கத்தின.”

திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மேசையில் வைத்த பையைத் திருப்பி எடுப்பார் என்று பார்த்தேன். விழுந்துவிடாமல் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.