தபால் துளை வழியாக வந்த பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று நான் குடித்திருக்கவில்லை. எங்கள் வேலையில் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி அதுதான், அதனால் முந்திக்கொள்கிறேன். தூக்கக் கலக்கமும் இல்லை. நள்ளிரவும் இல்லை. டிசம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு ஆரம்பித்து மூன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. முடிந்த நேரம் என் போனிலேயே பதிவாகியிருக்கிறது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் விர்பி. பின்லாந்தில் தம்பெரே நகரத்தில், தெருவில் வாழ்ந்தவர்களுக்கு வீடு கொடுக்கும் கட்டடம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஐந்து மாடி, முப்பத்தாறு வீடுகள். எல்லோருக்கும் சொந்த வாடகை ஒப்பந்தம், சொந்தச் சாவி. அவர்கள் சம்மதம் இல்லாமல் நாங்கள் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. அதனால் தினமும் மூன்று மணிக்கு ஒரு சுற்று வருவோம். மணி அடிப்போம். கதவின் நடுவில் தபால் போடும் துளை இருக்கிறதல்லவா, அதன் மூடியைத் தூக்கி, குனிந்து, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்போம். "இருக்கேன்" என்று பதில் வந்தால் பட்டியலில் ஒரு டிக். துளை வழியாக எல்லோர் குரலும் ஒன்றுபோல அமுங்கித்தான் கேட்கும். அவ்வளவுதான்.

வெளியாட்களுக்கு இந்தக் கேள்வி அபசகுனமாகப் படும். எங்கள் கட்டடத்தில் அதுதான் வணக்கம். பன்னிரண்டாம் எண் மைரே ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "இன்னும் சாகல. உனக்கு வருத்தமா?" என்பாள். அதற்கும் டிக் உண்டு.

தொடர்ந்து இரண்டு நாள் பதில் வராவிட்டால்தான் பொதுச் சாவியை எடுப்போம். அப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. அந்தத் துளையில் வாயை வைக்கலாம், கண்ணை வைக்கக் கூடாது. அது அவர்கள் வீடு. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால்... அதை யோசிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தாபானி அக்டோபர் இருபதாம் தேதி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் வெல்டர். பதினோரு வருடம் வெளியில்தான். படகுக் கொட்டகை, பாலத்தடி, யார் வீட்டு மாடிப்படிக்கடியிலோ ஓர் இடம். போன குளிரில் இடது காலில் இரண்டு விரல்களை இழந்தவர். ஐந்தாம் மாடியில், தாழ்வாரக் கோடியில் இருக்கும் முப்பத்து நான்காம் எண்ணை அவருக்குக் கொடுத்தோம். அவருக்குப் பொறுப்பு நான். கட்டில், மெத்தை, புதுப் போர்வை எல்லாம் வாங்கி வைத்தேன். அவர் வாசலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், தன் பழைய உறக்கப் பைக்குள்ளேயே படுத்தார். இது புதிதல்ல. பல பேருக்குக் கட்டிலில் ஏறவே மாதக்கணக்காகும். நாங்கள் வற்புறுத்துவதில்லை.

டிசம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. மாலை நாலரைக்கு அவர் அலுவலகத்துக்கு வந்து சாவியை என் மேசைமேல் வைத்தார். வீடு வேண்டாம் என்றார். வெளியில் மைனஸ் இருபத்து நான்கு டிகிரி.

"ஏன் தாபானி?"

"அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு."

பழைய சகாக்கள் யாராவது வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டேன். எங்கள் இடத்தில் அது வழக்கமான தலைவலி.

"நான் வரும்போதே இருந்தாரு" என்றார்.

இந்த மாதிரிப் பேச்சை ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். நாலு சுவர் கொடுத்தால் சிலருக்கு முதலில் நாலு சுவரும் பேசும், பிறகு பழகிவிடும். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இந்தக் குளிரில் இவர் வெளியே போனால் அடுத்து நான் போக வேண்டியது பிணத்தை அடையாளம் காட்டத்தான் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. சாவியை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டேன். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள், வேறு வீடு காலியாகிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை, மூன்று இருபது. பயந்துகொண்டேதான் மூடியைத் தூக்கினேன்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அப்பாடா என்றிருந்தது. அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். குரல் வாசலருகிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து, கட்டில் பக்கத்திலிருந்து வந்தது. மனிதர் ஒருவழியாகக் கட்டிலில் ஏறிவிட்டார்! கீழே போய் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் பதிந்தேன். 'தாபானி கட்டிலைப் பயன்படுத்துகிறார்.' எங்கள் மேலாளர் இல்க்காவுக்கும் சந்தோஷம். காபியோடு ஆளுக்கொரு ஏலக்காய் பன் சாப்பிட்டோம்.

புதன், மூன்று பதினைந்து. "இருக்கேன்." குரல் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருந்தது. டிக் போட்டேன்.

வியாழன், மூன்று பத்து. தாழ்வாரத்து ஜன்னலில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. மணியை அடிக்கக் கையை நீட்டினேன். இன்னும் அடிக்கவில்லை.

"இருக்கேன்."

கதவை ஒட்டி வந்தது. சிரித்துவிட்டேன். காலடிச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். மூடியைத் தூக்கி, நலமா என்று விசாரித்தேன். உள்ளே இருட்டு. துளை வழியாகக் குளிர்காற்று என் விரல்மேல் பட்டது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார் போலும்.

"போகாத" என்றது குரல். "கொஞ்சம் இரு."

தாபானி என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார். கொஞ்சம் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தானாகப் பேச்சுக் கொடுப்பது அவரிடம் அதிசயம். விடுவேனா? கதவருகே தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பேசியதெல்லாம் நான்தான். வெளியே குளிர் எவ்வளவு மோசம், நேற்று ரயில் நிலையத்தில் ஒருவரை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள், வீடு என்றால் முதலில் பயமாகத்தான் இருக்கும் என்றெல்லாம் சொன்னேன். குரல் அவ்வப்போது 'ம்' என்றது. பிறகு கேட்டது.

"நீ தனியாவா இருக்க?"

ஆமாம் என்றேன். விவாகரத்தாகி ஏழு வருடம், மகன் சுவீடனில் இருக்கிறான். வேலையிடத்தில் இதையெல்லாம் சொல்லக் கூடாது. ஏனோ சொன்னேன்.

"உன்னை யாரு கேக்குறாங்க? உயிரோட இருக்கியான்னு?"

தினமும் முப்பத்தாறு கதவில் கேட்கிறேன். என் கதவில் யாரும் கேட்டதில்லை. அதுவரை எனக்கே அது உறைத்ததில்லை.

"யாருமில்ல" என்றேன்.

"நான் கேக்கறேன்."

நெகிழ்ந்துபோனேன். ஆமாம், நெகிழ்ந்துதான் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். எங்கேயும் போகாதீர்கள், இது உங்கள் வீடு, உங்களை யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்றேன்.

"போகமாட்டேன்" என்றது குரல்.

மூன்று ஐம்பத்திரண்டு. போன் அடித்தது. இல்க்கா.

மூடியிலிருந்து கையை எடுத்து போனைக் காதில் வைத்தேன்.

"விர்பி, தாபானி ஆஸ்பத்திரியில இருக்காரு. இப்பதான் போன் பண்ணாங்க."

"எப்பலேருந்து?"

"திங்கட்கிழமை ராத்திரிலேருந்து. பனி தள்ளுற வண்டிக்காரர் ஏரிக்கரையில கண்டெடுத்திருக்காரு. பேர் தெரியாம வச்சிருந்தாங்க, இன்னைக்குத்தான் நினைவு வந்துச்சாம்... நீ எங்க இருக்க?"

அந்த மூடியில் ஸ்பிரிங் உண்டு. கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்ளும். முப்பத்தாறு கதவிலும் அப்படித்தான்.

சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.

மூடி திறந்தே இருந்தது.

யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி...

"யாரு போன்ல?"

தரையில் தேய்த்தபடியே பின்னால் போனேன்.

மூடி மெல்ல... மிக மெல்ல இறங்கியது.

சத்தமே இல்லாமல் மூடியது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு இல்க்காவும் நானும் பொதுச் சாவியோடு வந்தோம். அவர்தான் முதலில் உள்ளே போனார். ஆள் இல்லை. ஜன்னல்கள் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தன. வாசல் தரையில் இருந்த உறக்கப் பை இல்லை. கட்டிலில் மெத்தை, நான் அக்டோபரில் கொண்டுவந்து வைத்தபடியே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் மெல்லிசாகத் தூசி. யாரும் ஒருநாளும் அதில் படுத்த அடையாளம் இல்லை. இல்க்கா எதையும் நம்புகிற ஆள் அல்ல. ஆனாலும் அந்த வீட்டை இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. குழாய் பழுது என்று எழுதி வைத்திருக்கிறார். எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு என் வீட்டுக் கதவின் தபால் துளையை டேப் போட்டு ஒட்டினேன். அந்த மாதக் கரண்ட் பில் வந்து சேராமல் அபராதமும் கட்டினேன், பரவாயில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாபானியின் இரண்டு கைகளிலும் கட்டு. விரல்கள் தப்பிவிடும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பட்டியலில் டிக் இல்லாதிருந்தால் புதன்கிழமையே இவர் இல்லை என்று தெரிந்து தேடியிருப்போம். பேரில்லாத ஆளாக மூன்று நாள் இவர் தனியாகக் கிடந்திருக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"உள்ளேருந்து பதில் வந்துச்சு தாபானி. நீங்கதான்னு நெனச்சுட்டேன். கட்டில் பக்கத்துலேருந்து வந்துச்சு, அப்பவாவது யோசிச்சிருக்கணும்."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"எப்பவும் அங்கேருந்துதானே வரும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நான் வாசல்ல படுத்திருப்பேன். நீங்க மூடியத் தூக்குவீங்க, வெளிச்சம் மூஞ்சில விழும். கேப்பீங்க. நான் வாயத் தொறப்பேன். அதுக்குள்ள எனக்குப் பின்னாடி, கட்டில்லேருந்து, 'இருக்கேன்'னு சத்தம் வரும். நீங்க டிக் போட்டுட்டுப் போயிடுவீங்க."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து."

"ஒருநாள்கூட நீங்க..."

"முந்திக்கணும்னு பாப்பேன். முடியாது. உங்க செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் யாராச்சும் கேக்குறாங்க, அதையும் அவரே எடுத்துக்கிட்டாரு."

அக்டோபர் இருபதிலிருந்து டிசம்பர் பதினெட்டு வரை அறுபது டிக். நான்கு ஊழியர்களின் கையெழுத்து. பிறகு நானே உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுகூட தாபானிக்குப் போட்டதில்லை.

நாற்காலியை அவர் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"தாபானி. உயிரோட இருக்கீங்களா?"

அவர் என் தோளுக்குப் பின்னால் அறை மூலையைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். நானும் கேட்டேன். நடையில் சாப்பாட்டு வண்டி உருண்டு போனது. வேறு சத்தம் வரவில்லை.

"இருக்கேன்" என்றார்.

கட்டையான, கரகரத்த குரல். அந்தச் சொல்லை அந்தக் குரலில் நான் கேட்பது அதுதான் முதல் தடவை.